பேச்சில்லாத சந்து

கீழே எழுதியிருப்பதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும், இனி என் ஆயுள் முழுக்க நான் தின்கிற மீனில் முள் மட்டும் இருக்கட்டும். சதை கடலிலேயே தங்கிவிடட்டும். கூம்புத்துறை ஆள் ஒருவன் இதற்கு மேல் சத்தியம் செய்ய முடியாது. அதுவும் நான் துறைமுகத்தில் சங்கு ஊதும் வேலையில் இருந்தவன். சங்கு ஊதுகிறவன் பொய்யாக ஊதினால் கப்பல் தரைதட்டும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

எங்கள் பக்கம் இரண்டு நாடாகப் பிரிந்தது எப்படி என்று கேட்காதீர்கள். பிரித்தவர்களுக்கே காரணம் மறந்துபோய்விட்டது. வடகரை ஒன்று, தென்கரை ஒன்று, நடுவே உப்பாறு. எங்கள் கூம்புத்துறை வடகரையில். ஆறுதான் எல்லை. ஆனால் ஆற்றுக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஒரு மழைக்கு வடக்கே நகரும். மறு மழைக்குத் தெற்கே சாயும். கோடையில் இருக்கிற இடமே தெரியாது. எல்லை காணாமல் போகிற நாட்களில் இரண்டு நாட்டுக் காவலர்களும் மணலில் நின்று ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வார்கள். வெயில் ஏறியதும் ஒரே வண்டியில் இளநீர் குடிப்பார்கள். இந்த முறைப்புக்கு ஆகிற செலவு தாங்காமல், இரு அரசுகளும் சேர்ந்து எல்லை போடும் வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டன.

இயந்திரத்துக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. நாங்கள் கோட்டுப்பெட்டி என்றோம்.

ஆனி மாதக் கடைசியில் பெட்டி எங்கள் ஊரைக் கணக்குப் போடும் என்று தகவல் வந்ததும், நகராட்சித் தலைவி ஜெயக்கொடி ஆயத்தக் குழு ஒன்று அமைத்தார். ஜெயக்கொடி அதற்கு முன் ஐஸ் பாக்டரி நடத்தியவர். எந்த வேலையும் உருகுவதற்குள் முடிய வேண்டும் என்பார். துறைமுக வார்டு கவுன்சிலர் சுயம்புலிங்கத்தைக் குழுவில் போட்டார். ‘மூத்த குடிமகன்’ என்ற பெயரில் என்னையும் போட்டார். எனக்கு வேலை கிடையாது, டீ உண்டு.

எல்லை ஆணையத்திலிருந்து நிரஞ்சனா என்ற பொறியாளர் வந்தார். சின்ன வயசு. பேசுவதற்கு முன் தண்ணீர் குடிக்கிற பழக்கம்.

“இந்தப் பெட்டி ஆறு, மலை எதையும் பாக்காது மேடம். பேச்சை மட்டும்தான் பாக்கும்” என்றார். “தெருவிளக்குக் கம்பத்துல எல்லாம் ஒரு காது மாட்டியிருக்கோம். நீங்க என்ன பேசுறீங்கன்னு அதுக்குப் புரியாது. எந்த வாசல்லேர்ந்து எந்த வாசலுக்குப் பேச்சு போகுது, எவ்வளவு வேகமாப் போகுது, அது மட்டும்தான் தெரியும். பேச்சு அடர்த்தியா இருந்தா அது ஒரே ஊர். எங்க மெலிஞ்சு போகுதோ, அங்க கோடு விழும்.”

“அப்பம் ஆத்துலதான விழும்? நமக்கென்ன பயம்?” என்றார் சுயம்புலிங்கம்.

“ஆத்துல விழாது சார். தோணிக்காரங்க கரைக்குக் கரை கத்துறாங்க. மீன் ஏலம் ஆத்துக்கு நடுவுல நடக்குது. தென்கரைப் பொம்பளைங்க இக்கரைப் பொம்பளைங்களோட துணி துவைச்சுக்கிட்டே பேசுறாங்க. ஊர்லயே அடர்த்தியான பேச்சு ஆத்து மேலதான் நடக்குது.”

அவர் சுவரில் வரைபடத்தைக் காட்டினார். ஊர் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் எறும்புப் புற்று மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. நடுவில் படகுத்துறையிலிருந்து உப்பளம் வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு, தலையில் வகிடு எடுத்த மாதிரி.

“இதான் எங்களுக்கே புரியல. ரெண்டு பக்கமும் வீடுங்க இருக்கு. ஆளுங்க இருக்காங்க. ஆனா ஒரு வார்த்தை கூடக் குறுக்கே போகல. இங்க என்ன இருக்கு? பெரிய மதில் ஏதாவதா?”

சுயம்புலிங்கம் டீ டம்ளரின் அடியைப் பார்த்தார்.

“அப்பளம்” என்றார் ஜெயக்கொடி.

நிரஞ்சனா தண்ணீர் குடித்தார்.

அந்தச் சந்துக்குப் பெயர் நங்கூரச் சந்து. மேற்கு வரிசையில் தங்கபுஷ்பம் வீடு. மீன்சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவள். நேர் எதிரே, கிழக்கு வரிசையில், அவள் கூடப்பிறந்த தம்பி தவசிக்கனி வீடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். தாய் இல்லாத பையனை அக்காதான் வளர்த்தாள். ஏழெட்டு வருஷத்துக்கு முன் தங்கபுஷ்பத்தின் மூத்த மகள் கல்யாணம். தாய்மாமன் முதல் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். அப்பளம் வைத்துக்கொண்டு வந்த பையன் சரியாக அவனுக்கு முந்தின இலையோடு கூடை காலியாகி உள்ளே போனான், போனவன் திரும்பவில்லை. பந்தி விசாரிக்க வேண்டிய அக்கா அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டுக் கிழவிக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

தவசிக்கனி சாப்பிட்டு முடித்தான். இலையை மடித்தான். நல்ல வீட்டில் இலையை நம் பக்கமாக மடிக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டில். அவன் துக்க வீட்டு மடிப்பு மடித்துவிட்டு எழுந்து போனான். பந்தியே பார்த்தது.

அவ்வளவுதான். அவன் அப்பளத்தைச் சொன்னான், அவள் மடிப்பைச் சொன்னாள். முதலில் இரண்டு வீடு பேச்சை நிறுத்தியது. பிறகு சொந்தக்காரர்கள் பக்கம் எடுத்தார்கள். ‘அவ வீட்டுல பேசிட்டு எங்க வீட்டுக்கு வராத’ என்றார்கள். வாடகைக்கு வந்தவர்களும் அந்தந்த வரிசையின் பகையை வீட்டுச் சாவியோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். கிழக்கு வரிசைக்குத் தனிப் பால்காரி, மேற்கு வரிசைக்குத் தனிப் பால்காரி. நாய்கள்கூட அவரவர் வரிசையில் குரைத்தன.

“இது உண்மையா?” என்றார் நிரஞ்சனா.

“கல்யாண வீடியோவுல இருக்கு. பாக்கியளா?” என்றார் சுயம்புலிங்கம்.

கோடு சந்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை ஜெயக்கொடி குழுவுக்கு விளக்கினார். சந்துக்குக் கிழக்கே படகுத்துறை, ஆஸ்பத்திரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் தென்கரைக்குப் போகும். மேற்கே மீன்சந்தை, பள்ளிக்கூடம், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் வடகரையில் நிற்கும். காலையில் பிடித்த மீன் எதிர்த்தெருவுக்கு வருவது இறக்குமதி. பிரசவ வலி எடுத்தவள் ஆஸ்பத்திரிக்குப் போவது வெளிநாட்டுப் பயணம்.

இதையெல்லாம் விடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. தங்கபுஷ்பத்தின் இளைய மகள் செண்பகத்துக்கு ஆவணியில் கல்யாணம். மணமேடைக்குப் பெண்ணைக் கைபிடித்து அழைத்துப்போக வேண்டியவன் தாய்மாமன். கோடு விழுந்தால் தாய்மாமன் வெளிநாட்டுக்காரன்.

நாங்கள் குழுவாகப் போய்க் கேட்டபோது தங்கபுஷ்பம் நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“என் மவ கையப் புடிச்சு அவன்தான் கூட்டிட்டுப் போவணும். வேற ஒருத்தன் கைய நான் தொட விடமாட்டேன்” என்றாள்.

“அப்பம் போயி ஒரு வார்த்த கூப்புடுங்களேன்க்கா” என்றார் ஜெயக்கொடி.

“நான் எதுக்குக் கூப்புடணும்? எளவு மடிப்பு மடிச்சவன் அவன். அவன் மொதல்ல வாயத் தொறக்கட்டும்.”

எதிர்வீட்டில் தவசிக்கனி கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டான். கிரேன்காரன், வாய்ப்பேச்சைவிடக் கைஜாடை அதிகம்.

“செண்பகத்துக்குச் செயின் எடுத்து வச்சிருக்கேன் அண்ணாச்சி” என்று என்னிடம் மட்டும் சொன்னான். “ஆனா வளத்தவ அவ. அவதான மொதல்ல பேசணும்? நான் பேசுனா, அப்பளத்துக்கு அலையுதான்னு சொல்லமாட்டாளா?”

நகராட்சி ஆயத்த வேலைகளைத் தொடங்கியது.

முதல் ஏற்பாடு சுயம்புலிங்கத்தின் யோசனை. சந்தின் இரு வரிசைக்காரர்களும் காலையும் மாலையும் எதிர்வாசலோடு கட்டாயம் பேச வேண்டும். என்ன பேசுவது என்று தெரியாமல் தவிக்கக் கூடாது என்பதற்காகப் பேச்சையும் நகராட்சியே எழுதித் தந்தது. ஒரு வார காலம் சந்தில் இப்படி நடந்தது:

“வணக்கம். இன்று வெயில் எவ்வாறு உள்ளது?”

“நன்றாக உள்ளது. உங்கள் பக்கம்?”

“எங்கள் பக்கமும் அதே வெயில்தான்.”

“மகிழ்ச்சி.”

பேசி முடித்துவிட்டு இருவரும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வாரக் கடைசியில் வரைபடத்தைப் பார்த்தால் கறுப்புக் கோடு முன்னைவிடத் தடித்திருந்தது.

“பெட்டி இதை ரயில்வே அறிவிப்பு மாதிரி எடுத்துக்கிச்சு” என்றார் நிரஞ்சனா. “குரல்ல உசுரு இருக்கணும் சார். மூச்சு மாறணும். இல்லேன்னா அது பேச்சுல சேர்த்தி இல்ல.”

இரண்டாவது ஏற்பாடு தாம்பாளம். வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு ஜெயக்கொடியே இரு வீட்டுக்கும் போனார். மேற்கு வீட்டில் பழத்தை எடுத்துக்கொண்டு, “அவன் மொதல்ல பேசட்டும்” என்றார்கள். கிழக்கு வீட்டில் வெற்றிலையை எடுத்துக்கொண்டு, “அவ மொதல்ல பேசட்டும்” என்றார்கள். வெறும் தாம்பாளம் ஆபீசுக்குத் திரும்பியது.

கணக்கு நாள் நெருங்கியது. இரு நாட்டுச் சுங்கக்காரர்களும் சந்தை அளந்துவிட்டுப் போனார்கள். தங்கபுஷ்பம் வீட்டு வாசல்படி முன்னால் நடுகிறதற்குக் கம்பிக்கால் வந்து இறங்கியது. செண்பகம் அந்தக் கம்பிக்கால்களின் மேல் உட்கார்ந்து மாமன் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நடை பழக்கியவன் அவன். அவளாகப் போய்ப் பேசியிருக்கலாமே என்பீர்கள். தாய் உயிரோடு இருக்கும்போது மகள் முந்திக்கொண்டால், பிறகு தாய் அந்த வாசலை மிதிக்கவே முடியாது. எங்கள் ஊர் சட்டம் அப்படி.

மூன்றாவது ஏற்பாட்டுக்கு நகராட்சி தீர்மானமே போட்டது: விட்டுப்போன இடத்திலிருந்து அந்தக் கல்யாணப் பந்தியை மறுபடி தொடங்கி, முறைப்படி முடித்துவைப்பது. அப்பளத்தில் நின்ற காரியம் அப்பளத்தில் தொடர வேண்டும் என்றார் சுயம்புலிங்கம். இதைவிடத் தெளிவான யோசனையை அந்த மன்றம் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

சந்தின் நடுவே பந்தல் போட்டார்கள். வீடியோவைப் பார்த்து, அன்றைக்கு யார் யார் எங்கே உட்கார்ந்தார்களோ அதே வரிசையில் உட்கார வைத்தார்கள். நடுவில் செத்துப்போனவர்களுக்கு இலை மட்டும் போட்டது. மாப்பிள்ளை வீட்டுக் கிழவியின் இலையும் அதில் ஒன்று. அரசு ஏற்பாடு என்பதால் இரு வரிசைக்காரர்களும் வந்தார்கள். அரசு சாப்பாட்டுக்கு வருவதைப் பேச்சு வார்த்தையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

சாம்பார் வந்தது. அவியல் வந்தது. தங்கபுஷ்பம் பந்தலின் மேற்கு ஓரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். தவசிக்கனி இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அப்பளம் வந்தது.

ஒரு அப்பளம் வைத்திருந்தால் காரியம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சுயம்புலிங்கம் குறை வைக்கிற ஆள் இல்லை. கூடையோடு வந்து, தவசிக்கனி இலையில் ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தார். நெஞ்சளவு வந்தது. கழுத்தளவு வந்தது. கடைசியில் அப்பளக் கோபுரத்துக்குப் பின்னால் ஆளே தெரியவில்லை. எங்கோ ஒருவர் சிரித்துவிட்டார்.

கோபுரம் சரிந்தது. பின்னால் தவசிக்கனி நின்றுகொண்டிருந்தான்.

“யக்கா!” என்றான்.

ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகு, யாரும் எழுதித் தராமல் அந்தச் சந்தின் குறுக்கே போன முதல் வார்த்தை அது.

“யக்கா! என்னைய என்ன, அப்பளத்துக்குச் செத்தவன்னு நெனச்சியா? ஊரக் கூட்டி வச்சு அடுக்கிப் பாக்கியா?”

“ஏல, நானால அடுக்குனேன்? முனிசிபாலிட்டி அடுக்குச்சு. கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு?” என்று தங்கபுஷ்பம் பந்தலுக்குள் வந்தாள். “எம் மவ கல்யாணத்துல எளவு மடிப்பு மடிச்சியேல, சவத்து மூதி!”

“கை தவறி மடிஞ்சிட்டு!”

“கை தவறியா? கப்பல்லேருந்து கண்ணாடிப் பெட்டி எறக்குத கை, எலையில தவறுமோ?”

“நான் காய்ச்சல்ல கெடந்தேனே, எட்டிப் பாத்தியா நீ?”

“பாக்காமலா ஒங்க வரிசைப் பால்காரிட்ட மொளகு ரசம் குடுத்து விட்டேன்? பால்காரிக்கு ரசம் வைக்கத் தெரியுமால? அது யாரு கைன்னு ஒன் நாக்குக்குத் தெரியல?”

“தெரிஞ்சுதான் குடிச்சேன்! உப்பு கொறவா இருந்துச்சு!”

“காய்ச்சக்காரனுக்கு உப்பு ஒரு கேடா? எடுபட்ட பய!”

இதற்குள் கிழக்கு வரிசை மேற்கு வரிசையைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தது. இரண்டு பால்காரிகளும் மோதிக்கொண்டார்கள். நேற்று குடிவந்தவர்கள்கூட யாரோடு சண்டை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்கினார்கள். அத்தனை வருஷத்து மிச்சம். கீரை விலை, குப்பைத் தொட்டி, ஒருவர் இழவுக்கு இன்னொருவர் வராதது, வந்தும் நிற்காமல் போனது. சாம்பார் ஆறிப்போனது. ஒருவரும் அடிக்கவில்லை, ஒருவரும் எழுந்து போகவுமில்லை.

நிரஞ்சனா கையிலிருந்த வரைபடத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கக்கூட மறந்துவிட்டார்.

“மேடம், சந்து பழுத்துடுச்சு” என்றார். வரைபடத்தில் நங்கூரச் சந்து அடுப்புக்கரி மாதிரி சிவந்திருந்தது. கறுப்புக் கோட்டை அங்கே காணோம்.

“சண்டைதான போடுதாவ?” என்றார் ஜெயக்கொடி.

“பெட்டிக்குச் சண்டை, கொஞ்சல் எதுவும் தெரியாது. ஒருத்தர் இன்னொருத்தர் மேல எவ்வளவு உசுரைச் செலவு பண்றாங்கன்னுதான் பாக்கும். இது மாதிரி அடர்த்தியை நான் எந்த ஊர்லயும் பாத்ததில்ல.”

பொழுது சாய்ந்தது. தொண்டை கட்டிப்போய் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் தவசிக்கனி குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஒரு சீப்பு பழத்தோடு தெருவில் இறங்கினான். அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான். உள்ளே தங்கபுஷ்பம் கதவுக்குப் பின்னால் நிற்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து நகராட்சி ஜீப் வந்து நின்றது. ஜெயக்கொடி இறங்கினார். முகம் நன்றாக இல்லை. பின்னால் நிரஞ்சனா.

“தம்பி, உள்ள போவாதிய” என்றார் ஜெயக்கொடி.

“ஏன் மேடம்? என் அக்கா வீடு.”

“இஞ்சினியரம்மா, நீங்களே சொல்லுங்க.”

நிரஞ்சனா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “போன வருஷம் இன்னொரு ஊர்ல இதே மாதிரி ஒரு குடும்பத்தைச் சமாதானம் பண்ணி வச்சாங்க. முதல் நாள் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. ரெண்டாம் நாள் காபி. அதுக்கப்புறம் பேச்சே இல்ல. ஒருத்தர் வீட்ல ஒருத்தர் உக்காந்து சும்மா டிவி பாத்தாங்க. சந்தோஷமாத்தான் இருந்தாங்க. ஆனா கோடு திரும்பி வந்து அந்த வீட்டு நடுவுலயே உக்காந்துக்கிச்சு. மனஸ்தாபம் தீந்தவங்களுக்குப் பேச ஒண்ணும் இருக்கிறதில்ல சார்.”

கதவு திறந்தது. தங்கபுஷ்பம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சமாதானம் ஆவத்தான தாயி நான் இம்புட்டு ஏசுனேன்” என்றாள்.

“தெரியும்க்கா. துறையில எத்தன குடும்பம் இருக்குன்னு ஒங்களுக்கே தெரியும். ஆஸ்பத்திரி போயிரும், தண்ணி போயிரும். நீங்க ரெண்டு பேரும் சமாதானம் ஆவாம இருக்கணும். நகராட்சி கேட்டுக்கிடுது.”

“எத்தன நாளைக்கு?”

“பெட்டி இருக்குத வரைக்கும். கணக்கு நாள் முடிஞ்சாலும் அது கேட்டுக்கிட்டேதான் இருக்கும்.”

தவசிக்கனி பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். கிரேனில் சரக்கு தொங்கும்போது ‘நிறுத்து’ என்பதற்கு அவர்கள் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்கள். அக்காவைப் பார்த்து அப்படிக் காட்டினான். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டினான். பழத்தை என்ன செய்வது என்று தெரியாமல் என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல பழம்.

மறுநாள் காலையில் தங்கபுஷ்பம் முறம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சற்று நேரம் எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏல, செத்துட்டியா இருக்கியா? விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு. பிரசர் மாத்திரையப் போட்டுத் தொலச்சியா இல்லியா?” என்று ஆரம்பித்தாள்.

“நான் மாத்திரை போட்டா ஒனக்கென்ன, போடாட்டா ஒனக்கென்ன? மொதல்ல ஒன் முட்டுக்கு எண்ண தேச்சியா? நொண்டி நொண்டி நடக்க, பாக்கதுக்கே கேவலமா இருக்கு!”

அன்றிலிருந்து காலையும் மாலையும் சண்டை. மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு சண்டை. தங்கபுஷ்பம் கருவாடு வாங்கப் பக்கத்து ஊருக்குப் போன நாளில், போன் வழியாகச் சண்டை போட்டால் கணக்கில் சேருமா என்று ஜெயக்கொடி கேட்டு எழுதினார். சேராது என்று பதில் வந்தது. கணக்கு நாளன்று இருவரும் விடிந்ததிலிருந்து நின்றார்கள். ஊர் சோடா வாங்கிக் கொடுத்தது. கம்பிக்கால்களை லாரியில் திரும்ப ஏற்றினார்கள்.

ஆனால் கல்யாணம் இருந்தது. எந்தச் சண்டைக்காரனும் தாலி கட்டுகிற நேரத்தில் வாயை மூடிக்கொள்வான். அக்கா கண்ணைத் துடைப்பாள், தம்பி தோளைத் தொடுவான், தீர்ந்தது. மண்டபம் வேறு சந்து முனையில். ஜெயக்கொடி தூக்கம் இழந்தார். ‘தாய்மாமன் வராமலே கல்யாணத்தை முடித்துக்கொள்ள முடியுமா’ என்று கேட்டுப் பார்க்கத் தங்கபுஷ்பம் வீட்டுக்குப் போனார். வாசலில் ஆளில்லை. தங்கபுஷ்பம் தாம்பாளத்தோடு தெருவைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

தம்பி வீட்டு நடையில் நின்றாள். தாம்பாளத்தை நீட்டினாள்.

“வளத்த பாவத்துக்கு வந்து கூப்புடுதேன். வந்து தொல. முன்னாலயே வந்து நில்லு. நேரம் கழிச்சு வந்தா மண்டபத்து வாசல்லயே வச்சு ஒன் மானத்த வாங்குவேன்.”

“ஒன் மூஞ்சிக்காவ வரல. செண்பகத்துக்காவ வாரேன். தட்ட ஒழுங்காப் புடி, சரியுது. காலையில தின்னியா?”

“தின்னா ஒனக்கென்ன?”

“தின்னலன்னா இங்கனயே உக்காந்து தின்னுட்டுப் போ. அப்புறம் ஏசு.”

அவள் உட்கார்ந்து தின்றாள். அவன் எதிரே நின்று, தின்கிற நேரம் முழுக்க ஏசிக்கொண்டிருந்தான். ஜெயக்கொடி வெளியே நின்று முந்தானையால் மூக்கைச் சிந்தினார்.

கல்யாணத்தன்று செண்பகத்தின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தான் தவசிக்கனி. வழி நெடுக அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தான். பிள்ளை கை சுடுகிறதே, காய்ச்சல் இருக்கிறதே, பெற்றவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று. ‘புகைக்குள்ள உக்காந்தா சுடாம குளிருமா, கூறுகெட்டவனே’ என்று அவள் பதில் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் பயந்துபோய் எழுந்தார்கள். சுயம்புலிங்கம் ஓடிப்போய், “ஒண்ணுமில்ல, இது நகராட்சி ஏற்பாடு” என்று உட்கார வைத்தார். தாலி ஏறியபோது மேளக்காரர் கெட்டிமேளம் கொட்டினார். அந்தச் சத்தத்தில் அவர்கள் இருவர் வாயும் அசைந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் முகமும் நனைந்திருந்தது. என்ன சொல்லிக்கொண்டார்கள் என்று கம்பத்துக் காதுக்குத்தான் தெரியும். அதற்கும் அர்த்தம் தெரியாது.

இப்படியாகத் துறைமுகம் துண்டாகாமல் தப்பித்தது. ஊரில் ஒரு வீடு தவிர வேறெதற்கும் சேதமில்லை.

அந்த ஒரு வீட்டையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு முடிந்த மறுநாள், ஜெயக்கொடியை மட்டும் கூட வைத்துக்கொண்டு, நிரஞ்சனா என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

“கோடு எங்கயாவது போய்த்தானே ஆகணும் சார்” என்றார். வரைபடத்தில் கோடு படகுத்துறைக்கு வெளியே வளைந்து, பழைய சரக்குக் கிட்டங்கிகளின் முதுகுப் பக்கமாகப் போய், கல்லறைத் தோட்டத்தைத் தொட்டுக்கொண்டு, உப்பளத்தில் இறங்கியது. ஆள் இல்லாத இடமாகவே தேடிப் போயிருந்தது. வழியில் ஒரே ஒரு வீடு, என்னுடையது.

“அண்ணாச்சி, நீங்களும் மைனியும் வீட்டுல பேசிக்கிடுததே இல்லியா?” என்று கேட்டார் ஜெயக்கொடி.

“பேசி முடிச்சிட்டோம்” என்றேன்.

அடுப்படி தென்கரையிலும் கூடம் வடகரையிலும் விழுந்தது. முதல் வாரம் அடுப்படி வாசலில் தென்கரைக் காவலர் ஒருவர் நின்றார். பிறகு அவருக்கே சலித்துப் போய்விட்டது. நகராட்சி எங்களுக்கும் பேச்சு எழுதித் தந்தது. நான் படித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். மழை வருமா என்று கேட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரி மரகதம் ஜன்னலைத் திறந்து வானத்தைக் காட்டிவிட்டுச் சாத்தினாள். கோபமெல்லாம் இல்லை. காலையில் காபியைப் படியின் அந்தப் பக்கத்தில் வைப்பாள். நான் இந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்வேன். சர்க்கரை சரியாக இருக்கும். எதைச் சொல்லிச் சண்டையை ஆரம்பிப்பது?

“ஒரு வீடுதான அண்ணாச்சி” என்றார் ஜெயக்கொடி. நானும் ஆமாம் என்றேன். சாயங்காலத்தில் நங்கூரச் சந்துச் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். மரகதம் அடுப்படியில் நின்று கேட்பாள். நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்பேன். தங்கபுஷ்பம் நல்லதாக ஏதாவது ஏசினால் இரண்டு நாட்டிலும் ஒரே நேரத்தில் சிரிப்போம்.

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. இன்று மத்தியானம் தின்ற மீனில் முள் மட்டும்தான் இருந்தது.